முழங்காலை முறிக்கப் போனவர்

"முழங்காலை முறிக்கத்தான் போனனான், கொல்ல இல்லை" என்று லண்டன் பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் கொடுத்தவன் நான். பயப்படாதீர்கள், நான் மொழிபெயர்ப்பாளன். எதிரில் இருப்பவர் 'நான்' என்றால் நானும் ஆங்கிலத்தில் 'நான்' என்றே சொல்லவேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. சொந்த வாய் இல்லாத தொழில். வீட்டில் பல வருடப் பயிற்சி இருந்தபடியால் எனக்குச் சுலபமாக வந்துவிட்டது.

அன்று எதிரில் இருந்தவர் தென் லண்டனில் கோலியர்ஸ் வுட் பக்கம் பலசரக்குக் கடையில் வேலை செய்தவர். சிவா என்று வைத்துக்கொள்வோம். தங்கையை அடித்துக் கையை முறித்த அவள் புருஷனைத் தேடி இரும்புக் கம்பியோடு போனார். முழங்காலில் ஒரே அடி. அந்த மனுஷன் விழுந்து, நடைபாதை விளிம்பில் மண்டை அடிபட்டுச் செத்துப்போனான்.

பொலிஸ் விசாரணைக்கு முன் சிவாவின் வழக்கறிஞரான சொலிசிட்டர் வந்தார். ஃபோனைப் பார்த்தபடியே, "எல்லாக் கேள்விக்கும் 'நோ கொமென்ட்', பதில் சொல்ல விருப்பமில்லை எண்டு சொல்லச் சொல்லுங்கோ" என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை.

சிவா என் பக்கம் திரும்பினார். "என்ன அண்ணை இது? வாயைப் பொத்திக்கொண்டிருந்தா வேணுமெண்டு செய்தது எண்டெல்லோ நினைப்பினம்! கொல்ல நினைக்கேல்லை எண்டு சொன்னா கொலைக் கேஸ் நிக்காதாம். கடைக்கு வாற எல்லாரும் சொல்லுறவை."

எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் பாதிச் சட்டம் தெரியும். மற்றப் பாதி எனக்குத் தெரிந்திருந்தது. இங்கே கொல்ல நினைத்திருக்கவே தேவையில்லை. பாரதூரமான காயம் செய்ய நினைத்து அடித்து, ஆள் செத்தாலே கொலை. கொலைக்கு ஆயுள் தண்டனை. நீதிபதி இரங்கினாலும் வேறு கொடுக்க ஏலாது.

நான் சொல்லவில்லை. கூட்டக் கூடாது என்பது தொழில் விதி. சிவா சொன்னதை மட்டும் மொழிபெயர்த்தேன். "நேரமில்லை, சொன்னதைச் செய்யச் சொல்லுங்கோ" என்றார் சொலிசிட்டர்.

விசாரணை அறைக்குள் கேள்வி கேட்ட பொலிஸ்காரிக்கு சிவா விளக்கமாகவே சொன்னார்: "எலும்பு முறிஞ்சு ஆறு மாசம் கட்டிலிலை கிடக்கட்டும் எண்டுதான் அடிச்சனான்." ஒரு சொல் பிசகாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். என் வாழ்நாளிலேயே திறமான மொழிபெயர்ப்பு அதுதான். வெட்கம் கெட்டவன் நான்.

"எலும்பு முறியவேணும் எண்டு நினைச்சுத்தான் அடிச்சீங்களோ?" என்று பொலிஸ்காரி மரியாதையாகக் கேட்டார்.

"ஓம் ஓம், அவ்வளவுதான்!" சிவா தப்பிவிட்டவர் போல மூச்சு விட்டார்.

வழக்கு கோர்ட்டுக்குப் போனபோது ஜூரிக்கு அந்த விசாரணைப் பதிவே போதுமாக இருந்தது. ஆயுள் தண்டனை, குறைந்தது பதினெட்டு வருடம் உள்ளே. "அண்ணை, கொல்ல நினைச்சவனுக்கும் ஆயுள்தான், எனக்கும் ஆயுள்தானோ? பிறகென்னத்துக்கு நான் உண்மையைச் சொன்னனான்?" என்று சிவா கேட்டார். மொழிபெயர்த்தேன். கோர்ட்டில் அவருக்காக வாதாடிய பாரிஸ்டர் "சொறி, மன்னிக்கவேணும்" என்றார். அந்தக் கண்றாவியையும் மொழிபெயர்த்தேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களே, விதியை மதியுங்கள். ஆனால் அதற்குள் ஒளிந்துகொள்ளாதீர்கள். இப்போதெல்லாம் விசாரணைக்கு முன் சொலிசிட்டரை மறித்துக் கேட்கிறேன்: "இங்கே கொலை என்றால் என்னவென்று இவருக்குச் சொல்லியாயிற்றா? சொல்லுங்கள், மொழிபெயர்க்கிறேன். சொல்லும்வரை எழும்பமாட்டேன்."

அது என் வேலையில்லை என்று என்மேல் இரண்டு முறைப்பாடு போயிருக்கிறது. மூன்றாவதையும் எழுதட்டும். எழுத்துப்பிழை இருந்தால் நானே திருத்திக் கொடுக்கிறேன்.