பயப்படாம மாவு அரைங்க

பிரேமலதாவுக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கைதான் பேசும். அன்றைக்கு அரியமங்கலத்தில், அழகர்சாமியின் லேத் பட்டறையில், அவள் கொடுக்க வந்த பில் புத்தகக் கட்டை மேஜைமேல் வைத்த வேகத்தில் டீ கிளாஸ் உருண்டு கீழே விழுந்தது. அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அங்கிருந்த கம்ப்யூட்டர் திரையையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

திரையின் மூலையில் ஒரு குட்டி பல்பு. இடப்பக்கம் சற்றே கோணல். அதைக் கோணலாக வரைந்ததே அவள்தான். ஆனால் பக்கத்தில் 'வோல்ட்வைஸ்' என்று யாரோ வைத்த பெயர். அதற்குக் கீழே, 'செயற்கை நுண்ணறிவின் கணிப்பு' என்று ஒரு பெருமை வேறு.

பிரேமலதா ஸ்ரீரங்கத்துக்காரி. சத்திரம் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் வடிவமைக்கிறாள். நாலு வருஷத்துக்கு முன்னால், முகூர்த்தத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, பத்திரிகை அடிக்க உட்கார்ந்த காலையில் கரண்ட் போனது. பராமரிப்புக்காக மின்தடை என்று முதல்நாள் பேப்பரில் போட்டிருந்தார்கள். பொடி எழுத்தில் வந்ததை யார் பார்த்தார்கள்? பெண் வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது அவள்தான்.

அந்த ஆத்திரத்தில் உட்கார்ந்து, வீடியோ பார்த்துப் பார்த்து நிரல் எழுதப் பழகினாள். ஆறு மாதத்தில் அந்த பல்பு பிறந்தது. நாளைக்கு உங்கள் பகுதியில் கரண்ட் உண்டென்றால் மஞ்சள், இல்லையென்றால் சிவப்பு. அவ்வளவுதான் அதன் வேலை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம், பிறருக்குக் கொடுக்கலாம், எழுதியவர் பெயரை மட்டும் நீக்கக் கூடாது என்று சொல்லி இணையத்தில் போட்டுவிட்டாள்.

பல்பு தானாகச் சிவக்காது. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு பிரேமலதா அறிவிப்புகளைப் பார்த்து மறுநாள் பட்டியலைத் தட்ட வேண்டும். எந்தத் தெரு எந்த லைனில் வருகிறது என்று நாலு பேருக்குப் போன் போட்டு விசாரித்து, தன் பாணியில் ஒரு குறிப்பும் சேர்ப்பாள். நாலு வருஷத்தில், காய்ச்சலில் கிடந்தபோதுகூட, ஒரு நாள் தவறியதில்லை.

அவள் பட்டியலிலிருந்து அப்படியே இழுக்கப்பட்டு, அந்தக் குறிப்புதான் இப்போது வோல்ட்வைஸ் பெயரில் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. "பால்பண்ணை ஏரியா: 9.45 முதல் 4 வரை மின்தடை. கறிக்கடைத் தெருவுக்கு மட்டும் வேற லைன், பயப்படாம மாவு அரைங்க."

மாவு மில் பானுப்ரியாவிடம் நேற்று இவள் போனில் கேட்டுத் தட்டிய வரி அது. அந்த மில்லைப் பற்றி எந்த நுண்ணறிவுக்கு என்ன தெரியும்?

"யாருண்ணே இதை மாத்தினது?"

"போன வாரம் ரெண்டு பேரு வந்தாங்கம்மா. பழசை எடுத்துட்டுப் புதுசு போடுறோம்னாங்க. உங்க ஆளுங்கன்னுல்ல நான் நெனச்சேன்" என்றார் அழகர்சாமி.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டுத் தில்லைநகரில் உள்ள வோல்ட்வைஸ் கம்பெனிக்கே போனாள். முதலாளி சித்தார்த்தனுக்கு முப்பது வயதிருக்கும். ஏசி அறையில் உட்காரவைத்து, தண்ணீர் பாட்டில் கொடுத்தான்.

"ஓப்பன் சோர்ஸ்தானே மேடம்? எல்லாரும் எடுத்துக்கலாம்னு நீங்களேதான் போட்டிருக்கீங்க."

"எடுத்துக்கலாம்னு போட்டேன். என் பேரை அழிக்கலாம்னு எங்க போட்டிருக்கேன் தம்பி?"

"ஒரே பொருளுக்கு ரெண்டு பேர் இருந்தா கஸ்டமருக்குக் குழப்பம் மேடம். வெள்ளிக்கிழமை அறிமுக விழா வச்சிருக்கோம். நீங்க அவசியம் வாங்க, மேடையில பொன்னாடை போத்துறோம். சாதனைப் பெண்மணின்னு."

"என்ன சாதனை பண்ணேன்னு சொல்லிப் போத்துவீங்க?"

சித்தார்த்தன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கே ஒரு அறை விடலாம் போலிருந்தது. தண்ணீரைத் தொடாமல் எழுந்து வந்தாள்.

வீட்டுக்கு வந்தால் புருஷன் ரெங்கராஜ், "ஓசியில குடுத்தா எவன்டி மதிப்பான்?" என்றான். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதில் அவனுக்கு நிகர் அவன்தான். மணி ஏழு அடித்தது. பிரேமலதா கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. அதான் நுண்ணறிவு இருக்கிறதே, கணிக்கட்டும், பார்ப்போம் என்று துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அழகர்சாமி போன் செய்தார்.

"ஏம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தானே இருக்கேன். ஏண்ணே?"

"இல்ல, பல்பு மஞ்சளா இருந்துச்சு. அதை நம்பி, ஒரு ரைஸ் மில் ஷாஃப்டுல மரை வெட்டிக்கிட்டு இருந்தேன். பாதியில கரண்ட் போயிடுச்சு. டூல் உள்ள கொத்தி ஷாஃப்டே வீணாப் போச்சு. மூணு நாள் வேலைம்மா."

பட்டியலைத் தட்டாமல் விட்டது பிரேமலதாவுக்கு உறைத்தது. ஆனாலும் வீம்பு விடவில்லை. "அது இப்ப என்னுது இல்லண்ணே. அந்தக் கம்பெனிக்காரனைக் கேளுங்க."

"அவன் யாரும்மா? ஏழு மணிக்கு உக்காந்து தட்டுறது நீங்கதான்னு இங்க இருக்கிற இருபது பட்டறைக்கும் தெரியும். நீங்க ஒண்ணும் போடலேன்னா, மறுநாள் ஒண்ணும் இல்லேன்னுதான் நாங்க எடுத்துக்குவோம்."

அவர் குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் தேவலை. யார் மேலோ இருந்த கோபத்தை யார் தலையில் இறக்கிவிட்டோம் என்று நினைத்தபோது, சித்தார்த்தன் மேல் வந்ததைவிட அதிகமான கோபம் அவளுக்குத் தன்மேலேயே வந்தது. அச்சகத்தில் அன்றைக்கு அவள் அடித்த ஒரு பத்திரிகையும் உருப்படவில்லை.

சாயங்காலம் ஏழு மணிக்கு உட்கார்ந்தாள். "உறையூர்: பத்து மணிக்கு மேல் கரண்ட் இருக்காது என்று ஸ்ரீரங்கம் பிரேமலதா விசாரித்துச் சொல்கிறேன்." அடுத்த வரி: "பொன்மலைக்காரர்களே, இந்த பிரேமலதா பேச்சைக் கேட்டு இன்றைக்கே தண்ணீர் ஏற்றிக்கொள்ளுங்கள்." பதினாலு வரி. பதினாலிலும் அவள் பெயர்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு சித்தார்த்தன் போன் வந்தது. பின்னால் மைக் சத்தம் கேட்டது.

"மேடம், என்ன பண்ணி வச்சிருக்கீங்க? பெரிய ஸ்கிரீன்ல வரிக்கு வரி உங்க பேர் வருது. எல்லாரும் சிரிக்கிறாங்க. உடனே எடுங்க. இல்லேன்னா ரெண்டு வரி புரோகிராம் எழுதி நாங்களே உங்க பேரைத் தூக்கிடுவோம்."

"தூக்குங்க தம்பி. ஒரு நாள் முன்னால வைப்பேன், ஒரு நாள் நடுவுல வைப்பேன். ஒரு நாள் லதான்னு போடுவேன், இன்னொரு நாள் ரெங்கராஜ் பொண்டாட்டின்னு போடுவேன். அதைத் தூக்கணும்னா தினமும் ஏழு மணிக்கு ஒரு ஆள் உக்காந்து வரி வரியாப் படிச்சுக் கையால அழிக்கணும். நாலு வருஷமா நான் உக்காருறேன். இனிமே நீங்களும் உக்காருங்க."

போனை வைத்தாள்.

அன்று சாயங்காலம் பட்டியலில் முதல் வரி அரியமங்கலத்துக்குப் போனது. "அழகர்சாமி அண்ணே, நாளைக்கு முழுக்கக் கரண்ட் இருக்கு. நேத்து நடந்தது என் தப்பு. பயப்படாம மரை வெட்டுங்க. இப்படிக்கு பிரேமலதா."