மாமா கேட்ட சத்தியம்

ஒரு வெள்ளிக்கிழமை காலை. சூடம் காட்டிவிட்டுத் திரும்புகிறேன், சாமியறைக்குள் மாமா நிற்கிறார். தட்டு கை நழுவிக் கீழே விழாதது முருகன் புண்ணியம். கல்யாணமாகிக் கிள்ளானில் அந்த வீட்டுக்கு நான் வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. அத்தனை வருஷத்தில் என் மாமனார் ஒரு நாளும் அந்த நிலைப்படியைத் தாண்டியதில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கடவுள் இல்லை என்று யாரிடமும் போய் வாதாட மாட்டார். யாராவது கேட்டால் மட்டும், "எனக்கு நம்பிக்கை இல்லம்மா, அவ்வளவுதான்" என்பார். அப்படிப்பட்டவர் முருகன் படத்துக்கு எதிரே கை கட்டி நின்றால் நான் என்ன நினைப்பேன்? அவர் மனசு மாற வேண்டும் என்ற என் வேண்டுதல் பலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தைப்பூசத்துக்கு வருஷம் தவறாமல் பால்குடம் எடுப்பவள் நான். விரத நாட்களில் வீட்டில் கவிச்சி வாசனையே வரக்கூடாது. மீன் இல்லாமல் சோறு இறங்காத அந்த மனிதர், அந்த நாட்களில் வெளியே கடையில்கூடத் தொட மாட்டார். "நீ வாயக் கட்டியிருக்க, நான் மட்டும் தின்னா நல்லாவா இருக்கும்?" என்பார். பத்துமலை முருகன் கோயிலுக்குக் கார் ஓட்டி வருபவரும் அவர்தான். எங்கள் எல்லாருடைய செருப்பையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு படிக்குக் கீழே நிழலாகப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். "சாமி ஒன்னப் பாத்துக்கட்டும், செருப்ப நான் பாத்துக்கறேன். போயிட்டு வா லா!" முதல் வருஷம் அதைக் கேட்டு எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிறகு பழகிவிட்டது. போகப்போக, படி இறங்கும்போதே கூட்டத்தில் அவர் முகத்தைத்தான் தேடுவேன்.

சரி, அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். "நான் செத்தா எனக்கு எந்தச் சடங்கும் வேணாம்மா. வாய்க்கரிசி, நெய்ப்பந்தம், திருநீறு, ஒண்ணும் வேணாம். சும்மா கொண்டு போயி எரிச்சிடுங்க. அப்படித்தான் செய்வேன்னு முருகன் முன்னால நீ சத்தியம் பண்ணு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன மாமா, விளையாடுறீங்களா? நீங்கதான் முருகனே இல்லேங்கிறீங்களே!" என்று கத்தியேவிட்டேன்.

"எனக்கு இல்ல. ஒனக்கு இருக்காருல்ல? என் மவன் நல்லவன்தான், ஆனா நாலு பேரு நாலு வார்த்த சொன்னா தலைய ஆட்டிடுவான். நீ முருகன் மேல சத்தியம் பண்ணிட்டா மாற மாட்ட. ஒன் நம்பிக்கைய நம்பித்தான் கேக்கறேன்."

நான் விடவில்லை. மாமியார் இறந்தபோது ஒன்று குறையாமல் எல்லாச் சடங்கையும் முன்னால் நின்று நடத்தினீர்களே, அது மட்டும் எப்படி என்று மடக்கினேன். "அவ நம்புனா. அவளுக்கு அவ இஷ்டப்படி செஞ்சேன். எனக்கு என் இஷ்டப்படி செய்யி" என்றார். தட்டில் இன்னும் எரிந்துகொண்டிருந்த சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தேன். கை நன்றாகவே சுட்டுவிட்டது. பதறிப்போய் என்னைக் குழாயடிக்கு இழுத்துச் சென்று தண்ணீரைத் திறந்துவிட்டார் மாமா. "வாயால சொன்னா போதாதா? பைத்தியமா நீ?" என்று திட்டிக்கொண்டே இருந்தார்.

ஐந்து மாதம்கூட ஆகவில்லை. பாசாருக்கு மீன் வாங்கப் போனவர் மீன்கடை முன்னாலேயே சரிந்துவிட்டார். காலையில் வாசலில் நின்று, "வாவல் வேணுமா, கெண்ட வேணுமா?" என்று கேட்டுவிட்டுப் போன மனிதர் பத்து மணிக்கு இல்லை. போனில் சொன்னவரிடம், வேறு யாராவது இருக்கும், இன்னொரு தரம் பாருங்கள் என்று நான் சண்டை பிடித்தேன்.

மறுநாள் வீட்டு முன்னால் கூடாரம் போட்டுப் பெட்டியில் கிடத்தியிருந்தோம். பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் மாமாவின் தங்கை, நாங்கள் அத்தை என்று கூப்பிடுபவர், வரும்போதே சடங்கு செய்யும் பண்டாரத்தையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். சடங்கு கிடையாது என்று நான் சொன்னதும் அவர் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. "எங்கண்ணன் என்ன அநாதப் பொணமா? வயசுப் பொண்ண வீட்டுல வச்சிருக்க, நாளைக்கு அவளுக்கு நல்லது கெட்டது நடக்க வேணாமா?" என் மகளைக் காட்டியே பயமுறுத்தினார். சடங்கில் நம்பிக்கை இல்லாதவளா நான்? எனக்கும் அதே பயம்தான். என் வீட்டுக்காரரோ, மாமா சொன்ன மாதிரியே, தலையை ஆட்டத் தொடங்கினார். "லேசா மட்டும் செஞ்சிடலாமே..." என்று என் காதருகே இழுத்தார். "சூடம் அணைச்சு முருகன் மேல சத்தியம் பண்ணியிருக்கேன். யாரும் அரிசியத் தொடக்கூடாது!" என்றேன். அது என் குரல்தானா என்று எனக்கே திகைப்பாக இருந்தது. முதலில் பின்வாங்கியவர் பண்டாரம்தான். "சூடம் அணைச்ச சத்தியமா? அப்ப நான் கை வெக்க மாட்டேம்மா" என்று பையை எடுத்துக்கொண்டு போய் ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

மின்சுடலையில் பெட்டியை மூடப் போகும் நேரம். கடைசியாக முகம் பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அங்கிருந்த வேலையாள். எங்கள் வீட்டிலிருந்து யார் எங்கே கிளம்பினாலும், பரீட்சைக்கோ வேலைக்கோ, நெற்றியில் திருநீறு வைத்து அனுப்புவது என் பழக்கம். மாமாவுக்கு மட்டும் வைத்ததில்லை. கைப்பையை எப்போது திறந்தேன், பொட்டலத்துக்குள் எப்போது விரலை விட்டேன், எனக்குத் தெரியவே தெரியாது. பார்த்தால் மாமாவின் நெற்றியில் வெள்ளை வெளேரென்று மூன்று கோடு. "அப்பாடா, முருகா!" என்று அத்தை பக்கத்தில் கைகூப்பினார்.

நாள் முழுக்க ஊரோடு மல்லுக்கு நின்றவள், கடைசியில் நானே அவரை ஏமாற்றிவிட்டேனே! இன்றைக்கும் காலையில் திருநீற்றுக்குக் கை போகும்போது அந்த மூன்று கோடு ஒருமுறை கண் முன்னால் வந்துவிட்டுத்தான் போகிறது. வைத்த திருநீற்றை அழிப்பது எப்பேர்ப்பட்ட பாவம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். பேசாமல் விட்டிருக்கலாம். செத்த பிறகு ஒன்றுமில்லை என்றவர் எழுந்து வந்து கேட்கப் போவதில்லை. ஆனால் கேட்பதற்கு ஒருவன் இருக்கிறான் என்று நம்புகிறவள் அல்லவா நான்? முந்தானையை எடுத்தேன். சில்லிட்டுப் போயிருந்த அந்த நெற்றியைப் பொட்டுத் தூசி மிஞ்சாமல் துடைத்தேன்.

அத்தை அலறிக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். "அடிப்பாவி! நீயெல்லாம் சாமி கும்புடுறவளா?"

அதுவரை தலை குனிந்து நின்றிருந்த என் வீட்டுக்காரர் பெட்டிக்கு அருகே வந்து குனிந்து பார்த்தார்.

"இப்பதான் அத்தே, எங்கப்பா மூஞ்சி எங்கப்பா மூஞ்சியா இருக்கு" என்றார். பிறகு வேலையாள் பக்கம் திரும்பினார். "பெட்டிய மூடுங்க அண்ணே."