மன்றத் தணிக்கையில் நான் தலைகுனிந்த இடங்கள்

ஒரு மன்றத்தின் நிதி நிலை நன்றாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்பவனுக்கு எந்த ஊரிலும் நாற்காலியும் காபியும் கேட்காமலே கிடைக்கும். உண்மையை மட்டும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, அரிசி ஆலையில் மூட்டைக் கணக்கு எழுதிக்கொண்டே, புத்தகங்களின் துணையால் தணிக்கை கற்றவன் நான். மன்னார்குடி வட்டாரத்தில் சீட்டாடும் மனமகிழ் மன்றம் முதல் செய்தித்தாள் படிக்கும் படிப்பகம் வரை, ஆண்டு முடிவில் என்னைத் தேடி வராத சங்கம் குறைவு. இத்தொழிலில் என்னைப் போல் அல்லலுற்ற அன்பர்கள் பின்வருவனவற்றைப் படித்துச் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

திடீர் நன்செய்

நில உச்சவரம்பு குறைக்கப்பட்டு, குத்தகைக்கு உழுபவரின் பெயரைப் பதிவு செய்யச் சட்டமும் வந்திருந்த காலம் அது. நகரத்து மனமகிழ் மன்றத்தில் மின்விசிறி சுற்றவில்லை. டென்னிஸ் வலையில் ஆடு புகுந்து போகலாம். சந்தா பாக்கி வைக்காத உறுப்பினரே இல்லை. ஆயினும் அவ்வாண்டுச் சொத்துப் பட்டியலில் ஐந்து ஏக்கர் நன்செய் புதிதாக முளைத்திருந்தது. மன்றத்தின் தலைவர் ஒரு பெரிய மிராசுதார். தம்முடைய உபரி நிலம் அரசுக்குப் போய்விடாதிருக்க, அதை மன்றத்தின் பேருக்கு எழுதி வைத்திருக்கிறார் என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது.

“நிலம் வந்த செய்தி செயலாளருக்கே தெரியாது போலிருக்கிறதே?” என்று பணிவோடு கேட்டேன். மிராசுதார் கையிலிருந்த சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார். “கிளப்புக்கு நிலம் இருக்கறது கவர்மெண்டுக்குத் தெரிஞ்சாப் போதும் ஐயா. கிளப்புக்குத் தெரியணும்னு என்ன இருக்கு?”

ஜமுக்காளக் கணக்கு

அந்நிலம் இருந்த கிராமத்திலேயே விவசாயத் தொழிலாளர்கள் ஒரு மன்றம் நடத்தி வந்தார்கள். ஊராட்சி ஒன்றியத்திலிருந்து செய்தித்தாளுக்கான உதவித்தொகை வருவதற்கு என் சான்று வேண்டும் என்று அதன் செயலாளர் செல்வராசு எழுதியிருந்தார். பங்குனியில் நான் போன அன்று கூரைக் கொட்டகையில் வானொலிப் பெட்டி மட்டும் இருந்தது. பட்டியலில் கண்ட பெஞ்சுகளும் ஜமுக்காளங்களும் எங்கே என்றேன். “எல்லாம் மாரிமுத்து வூட்டுல இருக்குதுங்க” என்றார் அங்கிருந்தவர். கண்ணால் பாராத இருப்புக்குக் கையொப்பம் இடமாட்டேன் என்பது அந்நாளில் என் பெருமை. காரணம் கேளாமல் வாய்க்கால் கரையோடு நடந்தேன்.

அது சாவு வீடு. ஒரு பெஞ்சின் மேல் மாரிமுத்துவைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் நின்றவர்தாம் நான் தேடிய செல்வராசு, இறந்தவரின் மகன். மாரிமுத்துவின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது. நான் ஆலையில் இருந்த காலத்தில், மிராசுதாருக்குச் சேர வேண்டிய குத்தகை நெல்லை ஆண்டுதோறும் வண்டியில் கொண்டுவந்து இறக்கியவர் மாரிமுத்து. நான் அப்பொழுதே திரும்பியிருக்கலாம். அதற்குள் யாரோ, “தணிக்கைக்கு வந்திருக்காங்க, செத்த எழுந்திரிங்கம்மா” என்று சொல்ல, ஜமுக்காளங்களில் அமர்ந்து அழுதுகொண்டிருந்த பெண்கள் கண்ணைத் துடைத்தபடி எழுந்து ஒதுங்கினார்கள். நானும் எண்ணினேன். எண்ணி முடித்ததும், சிவப்புத் துண்டு போட்ட கிழவர் ஒருவர் அருகில் வந்தார். “இருப்பு சரியா இருக்குங்களா தோழரே? ஆளு ஒண்ணுதான் கொறையுது.”

நல்லபடியாக நடக்கும்

புறப்படும்போது மாரிமுத்துவின் மனைவி என்னை நிறுத்தினார். நகரத்து மன்றத்துக்கும் நானே கணக்குப் பார்க்கிறேன் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். “நாங்க உழுவுற அஞ்சு ஏக்கரும் இப்ப கிளப்பு பேருல இருக்குதாமுங்களே. அவரு போயிட்டாரு. இனிமே எங்களை எறங்க விடுவாங்களாங்க?” என்று கேட்டார். குத்தகை என்று எங்கும் எழுத்தில் இல்லை என்பதும், அந்த நிலத்தை விட்டால் அவர்களுக்கு வேறு பிழைப்பு இல்லை என்பதும் எனக்குத் தெரியும். “எல்லாம் நல்லபடியாக நடக்கும் அம்மா” என்றேன். “அதைத்தாங்க மிராசுதாரும் சொல்லி அனுப்பிச்சாரு.”

என் உரைநடையின் சிறப்பு

நகரத்து மன்றத்தின் அறிக்கையில் நிலத்துக்கு நேராகச் ‘சொந்தச் சாகுபடி’ என்று தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். அது அப்படியே நின்றால் மாரிமுத்து குடும்பம் வெறும் கூலியாட்கள்; குத்தகைப் பதிவு கேட்க வழியில்லை. சீட்டாடும் கனவான்களில் எவர் சேற்றில் இறங்கி நாற்று நட்டார் என்று கேட்கவே போனேன். வழியெல்லாம் அக்கேள்வியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டும் போனேன். மிராசுதார் எழுந்து நின்று வரவேற்றார். என்னைப் போன்றவனுக்கு அவர் எழுந்து நின்றது அதுவே முதல் தடவை.

கேள்வியைக் கேளாமல் பேனாவை எடுத்தேன். ‘சொந்தச் சாகுபடி’யை அடித்துவிட்டு, “மேற்படி நன்செயின் சாகுபடி குறித்த விவரங்கள் தணிக்கையின்பொருட்டு முன்வைக்கப்பட்டில” என்று எழுதினேன். பொய்யும் இல்லை, பகையும் இல்லை என்று மகிழ்ந்து உரக்கப் படித்தும் காட்டினேன். மிராசுதார் கண்ணை மூடிக் கேட்டார். “இந்தத் தமிழ் யாருக்கு வரும்? ஒண்ணுமே சொல்லாம எவ்வளவு அழகா எழுதியிருக்கீங்க.”

சாட்சி

ஆனியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. நாற்றங்காலுக்கு இறங்கிய செல்வராசுவை மிராசுதாரின் ஆட்கள் மறித்தார்கள். குத்தகைப் பதிவு கேட்டு அவர் மனுச் செய்ய, மன்றத்தின் தரப்பில், குத்தகைதாரர் யாரும் இல்லை என்பதற்குச் சான்றாக என் அறிக்கையைக் காட்டினார்கள். எனக்கும் அழைப்பு வந்தது. விசாரித்த அதிகாரி இளைஞர். என் வாக்கியத்தை இரண்டு முறை படித்தார். “உழுதது யாருன்னு இதுல இல்லையே. உங்களுக்குத் தெரியுமா?” என்றார். மிராசுதார் முன்வரிசை நாற்காலியில் இருந்தார். செல்வராசு கதவோரம் நின்றார். “மாரிமுத்து” என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அதிகாரி பேனாவை மூடினார். “சத்தமாச் சொல்லுங்க ஐயா. எழுதறப்போதான் சத்தம் வருமா?”

வராந்தாவில்

சத்தமாகச் சொன்னேன், ஆலைக்கு வந்த குத்தகை நெல்லைப் பற்றியும் சொன்னேன். ஆவணியில் செல்வராசுவின் பெயர் பதிவாயிற்று. அதற்குள் சுற்றிலும் பயிர் நிற்க, அந்த ஐந்து ஏக்கர் மட்டும் வெடித்துக் கிடந்தது. உத்தரவை வாங்கிக்கொண்டு அவர் வெளியே வந்தபோது வராந்தாவில் காத்திருந்தேன். நன்றி சொல்வார் என்றுதான் காத்திருந்தேன் என்பதை எழுத இப்போதும் கூசுகிறது. கும்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. “பங்குனியிலேயே இதைச் சொல்லியிருந்தீங்கன்னா, இந்நேரம் குறுவை கதிர் வாங்கியிருக்குமுங்க.”

நகரத்து மன்றம் மறு ஆண்டே வேறொரு தணிக்கையாளரை அமர்த்திக்கொண்டது. அதன் நிதி நிலை அன்று முதல் மிகவும் நன்றாக இருப்பதாகக் கேள்வி.