கொடித்தோடைப் பந்தலுக்கு வந்த கனடாக் கவர்

பார்சலை வெட்டியவுடன் ஹோல் முழுக்க அந்த மணம்தான்... புது ரெயின்கோட்டின் மணம். உள்ளே சாம்பல் நிறத்தில், நாலு பக்கமும் ஸிப் வைத்த ஒரு கவர். இரண்டு பேர் சேர்ந்து பிடித்தாலும் கையில் நிற்கவில்லை. அவ்வளவு பெரிது. கனடாவில் இருந்து அண்ணா அனுப்பியிருந்தார்.

எங்கள் வெள்ளவத்தை பிளட்டின் மொட்டைமாடியில் அப்பா ஒரு பந்தல் போட்டிருந்தார். நாலு இரும்புக் குழாய், மேலே கம்பி வலை, அதில் கொடித்தோடை, பாஷன் ஃப்ரூட் என்கிற பழக்கொடி. பாதியாக வெட்டிய பீப்பாயில் மண் நிரப்பிக் கொடுத்தது அண்ணா. அவர் கொழும்பில் இருந்த கடைசி வருஷம் அது. வீட்டுக்கு யார் வந்தாலும் கொடித்தோடை ஜூஸ்தான், சீனியோடு ஒரு சிட்டிகை உப்பும் போட்டு.

மே மாத மழைக்கு முன்னால் அப்பா பந்தலைத் தயார் பண்ணுவார். முற்றின கொடிகளை வெட்டி, இலையைக் குறைத்து, குழாய்களை நைலோன் கயிற்றால் சுவரோடு இழுத்துக் கட்டுவார். அவ்வளவுதான் அவருடைய வைத்தியம். "காத்து உள்ளால போய் வரட்டும்" என்பார்.

அப்பா செத்தபோது அண்ணாவால் வர முடியவில்லை. விசாப் பேப்பர் இன்னும் சரிவரவில்லை, கனடாவை விட்டு வெளிக்கிட்டால் திரும்பிப் போகேலாது. செத்தவீடு முழுவதையும் ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தார், பாவம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் எடுத்தவுடன் முதல் கேள்வி, "அம்மா, அப்பான்ர கொடி எப்பிடி?" அம்மா சாப்பிட்டாரா என்பது இரண்டாவது. என்னைப் பற்றிக் கேள்வியே கிடையாது! எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

அடுத்த மே வருவதற்குள் இந்தக் கவர் வந்து சேர்ந்தது.

"வின்டருக்கு என்ர பின் வளவுக் கூடாரத்தை நான் இப்பிடித்தான் மூடுறனான் அம்மா. ஸ்னோவே உள்ளுக்குப் போகாது, மழை எம்மாத்திரம்? நாலு மூலையும் இறுக்கிக் கட்டுங்கோ."

கனடாச் சாமான் என்றால் எங்கள் வீட்டில் அப்பீலே இல்லை. அங்கேயிருந்து வருகிற சொக்லேட்டைக்கூட அம்மா திகதி முடியும் வரை அலுமாரியில் அழகு பார்ப்பார்.

கயிறு பிடிக்க வந்த பிளட் வொச்சர் தலையைச் சொறிந்தார். "நோனா, கஹ மெரெய்" என்றார். செடி செத்துவிடும் என்று சிங்களத்தில் சொல்கிறார். அம்மா சிரித்தார்.

"அவருக்கென்ன தெரியும் பிள்ளை? ஸ்னோவையே தாங்கினதாம்."

எனக்கும் சந்தேகமாகத்தான் இருந்தது. ஆனால் கடைசி ஸிப்பை இழுத்து மூடியது நான்தான்.

இரண்டு கிழமை மழையும் வெயிலும் மாறி மாறி. திறந்து பார்ப்போமா என்று எத்தனையோ தரம் கேட்டேன். "வேண்டாம், காத்து ஏறிக் கிழிஞ்சிடும். ஆசையா அனுப்பினவன்."

கடைசியில் திறந்தபோது முகத்தில் சூடு அடித்தது, புட்டுப் பானையின் மூடியை எடுத்தமாதிரி. இலையெல்லாம் கறுத்துக் கூழாகி, வெள்ளையாகப் பூஞ்சணம். அம்மா அடித்தண்டை விரலால் அமத்தினார். தோல் கழன்று கையோடு வந்தது...

அம்மா ஈரச் சீமெந்திலேயே இருந்துவிட்டார்.

"தன்ர கையால செத்ததெண்டு அவனுக்குத் தெரியக்கூடாது பிள்ளை. தேப்பன்ர முகத்தையும் பாக்கேலாமப் போன பிள்ளை அவன். தாங்க மாட்டான்."

அந்த ஞாயிறு ஃபோன் வந்தது.

"ஓம் தம்பி, சோக்கா இருக்கு. நீ அனுப்பின கவர் இல்லாட்டி இந்த மழைக்கு எல்லாம் போயிருக்கும்!"

நான் வாயைப் பிளந்துகொண்டு பக்கத்தில் நின்றேன். அம்மாவுக்குப் பொய் சொல்லவே வராது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அதன் பிறகு பதினொரு வருஷம்... அந்தக் கொடி ஃபோனில் மட்டும் வளர்ந்தது. பூத்தது, காய்த்தது, அணில் கடித்தது, பூச்சி பிடித்தது. "வேப்பெண்ணெய் அடியுங்கோ அம்மா" என்பார் அண்ணா. "நேற்றே அடிச்சிட்டன்" என்பார் அம்மா. மார்க்கெட்டில் வாங்கின பழத்தைத் தட்டில் அடுக்கி, எங்கட காய் என்று என்னைக் கொண்டு ஃபோட்டோ அனுப்புவிப்பார். வேறொரு நாற்று வைப்போம் என்றால் மட்டும் விடமாட்டார். அது அப்பா வைத்த கொடி இல்லையாம்.

போன வருஷம் அம்மாவும் போய்விட்டார்.

இந்த முறை அண்ணா வந்தார். எட்டாம் நாள் படையல், எட்டுச் செலவு முடிந்த பின்னேரம், மொட்டைமாடிப் படியில் ஏறினார். பின்னாலேயே ஓடினேன். போன மழைக்குத்தான் பட்டுப்போனது என்று சொல்லி அம்மாவின் மானத்தைக் காப்பாற்ற வேண்டும், அது ஒன்றுதான் மனதில்.

அண்ணா துருப்பிடித்த குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒண்டும் சொல்லாத. எனக்குத் தெரியும். கவர் இல்லாட்டி எல்லாம் போயிருக்குமெண்டு சொன்ன அந்த ஞாயிறே அம்மான்ர குரல்ல விளங்கிட்டுது. பிறகு ஒரு கொடித்தோடை பதினொரு வருஷம் விடாமக் காய்க்குமே?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"பிறகேன் ஒவ்வொரு கிழமையும் கேட்டனீங்கள்? அந்த மனிசி மார்க்கெட்டுக்கும் வீட்டுக்கும் நடந்து செத்தது தெரியுமே உங்களுக்கு?"

அண்ணா குழாயின் துருவை நகத்தால் சுரண்டினார்.

"கேக்காம விட்டா, எனக்குத் தெரிஞ்சிட்டுதெண்டு அம்மாவுக்கு விளங்கிடும். பிறகு என்னோட என்னத்தைக் கதைக்கிறது அவா?"

இருவரும் அங்கேயே நின்று அழுதோம். அப்பாவுக்கும் சேர்த்துத்தான் அண்ணா அழுதிருக்க வேண்டும்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை அண்ணா எடுப்பார். வீடியோவில் முகமெல்லாம் தெளிவாகத் தெரிகிறது. போன மாதம் தன் கூடாரத்தை வின்டருக்கு மூடிக்கொண்டே கதைத்தார். "அங்க மழையோ?" என்றார். "ஓம்" என்றேன். "உங்க குளிரோ?" என்றேன். "ஓம்" என்றார்.

இல்லாத ஒரு கொடியைப் பற்றி அம்மாவும் அண்ணாவும் ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். எங்கள் இருவருக்கும் ஒளிக்க ஒன்றும் இல்லை... ஐந்து நிமிஷத்தில் வைத்துவிடுகிறோம்.