இரண்டு கட்டைவிரல்கள்

என் கூட இருந்தவளுடைய அண்ணன் மகன்கள் என் முன்பற்களை உடைத்த அன்று தியாகதுருகத்துக்கு ஒரு பஸ்கூட வரவில்லை. இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். புளியமரங்களை வெட்டிச் சாலையின் குறுக்கே சாய்த்திருந்தார்கள். கள்ளக்குறிச்சிப் பக்கம் டயர் எரிகிற புகை. எங்கள் தெருவில் ஒருவன் தடியடியில் மண்டை உடைந்து, துண்டால் அமுக்கிக்கொண்டு ஓடினான்.

கூட்டம் கேட்டது நியாயம்தான் என்று இன்றைக்குச் சொல்வேன். அன்றைக்கு எனக்கு எதுவும் நியாயமாகத் தெரியவில்லை. முந்தின நாளே அவளுக்கு மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது, பெரிய ஆஸ்பத்திரி கள்ளக்குறிச்சியில் இருந்தது, நடுவில் மரங்கள் கிடந்தன. மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இரண்டாவது மரத்தைத் தாண்ட முடியாமல் திரும்பினேன். மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் செத்துப்போனாள்.

நான் ரிஷிவந்தியம் பக்கத்துக் கூலிக்காரக் குடும்பத்தில் பிறந்தவள். பால்வாடி டீச்சர் வேலை கிடைத்து வந்தபோது, கோட்டை மலைக்குக் கீழே அவள் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தேன். அவள் கட்டிக்கொடுத்த இடத்தில் அடி தாங்காமல் ஒரே வருஷத்தில் திரும்பி வந்தவள். அப்பா எழுதிக்கொடுத்த அந்த வீடும் முக்கால் ஏக்கர் நஞ்சையும் அவளுக்கு இருந்தன. ஆறு மாதத்தில் என் அறை நெல்மூட்டை போடுகிற அறை ஆகிவிட்டது. பதினேழு வருஷம் ஒரே பாயில் படுத்தோம். ஊர் எங்களை அக்கா தங்கச்சி என்றது, சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டோம். புருஷன் பெண்டாட்டியாகத்தான் இருந்தோம், சண்டை உட்பட.

உடம்பு முடியாமல் போனதும், என் பெயருக்கு எழுதிவைத்தே தீருவேன் என்று நின்றாள். பத்திரம் எழுதுகிறவர் கண்ணாடிக்கு மேலே எங்களைப் பார்த்தார்.

"இவங்க உங்களுக்கு இன்னா வேணும்?"

"கூட இருக்கறவ."

"அப்பிடி ஒரு சொந்தம் பத்திரத்துல கெடையாதுங்க. சொந்தக்காரங்களுக்குன்னா செட்டில்மென்ட் பண்ணிடலாம், செலவு கம்மி. வெளியாளுக்கு ரொம்ப ஜாஸ்தி. உயிலா எழுதிடுங்க. ஆனா கடைசியா எழுதுற உயில்தான் செல்லும். நாளைக்கு வேற யாராச்சும் ஒண்ணு எழுதிக்கினு வந்தா இது வெறும் காயிதம்."

உயிலைப் பதிவு செய்தோம். கையெழுத்துப் போட்டு, பதிவேட்டில் கட்டைவிரல் ரேகையும் வைத்தாள். திரும்பி வரும்போது மை படிந்த விரலைப் பார்த்தபடி நடுச்சாலையில் நின்றுவிட்டாள்.

"எங்க அத்த செத்தப்ப எனுக்குப் பன்னெண்டு வயசு. பொம்பளைங்க மாரடிச்சிக்கினு இருக்காங்க. எங்க அண்ணன் பொணத்துப் பக்கத்துல குந்திக்கினு, அதோட கட்டவெரல மையில தோச்சித் தோச்சி ஸ்டாம்ப் பேப்பர்ல வக்கிறான். குளிப்பாட்டும்போது தேச்சுப் பாத்தாங்க, போவல. நீல வெரலோடதான் எரிச்சாங்க. அவன் புள்ளைங்க மட்டும் சும்மா இருப்பானுங்களா? நான் செத்தா நீ மொத வேலையா என் கட்டவெரல சுட்டுடு டீச்சரு. அழுவுறதெல்லாம் அப்பறம்."

"வாயக் கழுவு" என்றேன்.

"ரெண்டையும் சுடு. எடது போச்சின்னா சோத்துக்கைய வச்சிப்பானுங்க. உனுக்கும் எடது வலது தெரியாது, டீச்சர்னுதான் பேரு."

வீட்டுக்கு வந்ததும் அவள் விரல் மையை நானே தேய்த்துக் கழுவினேன்.

அவள் செத்த காலையில் நான் சத்தம் போட்டு அழவில்லை. அப்படியும் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு களமருதூருக்குக் கிளம்பினார். அண்ணன் மகன்கள் அங்கேதான் இருந்தார்கள். சைக்கிளைத் தூக்கி மரங்களைத் தாண்டினாலும் சாயந்தரத்துக்குள் வந்துவிடுவார்கள்.

கதவைத் தாழிட்டேன். தோசைக் கரண்டியை அடுப்பில் சொருகிப் பழுக்கக் காய்ச்சினேன். அவளுடைய இடது கையை என் மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரலில் அழுத்தினேன். தோல் சீறியது. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே அந்த விரலைத் தூக்கி ஊதினேன். அடுப்பில் சுட்டுக்கொண்டால் ஊதச் சொல்லி என்னிடம் கையை நீட்டுவாள், அந்தப் பழக்கம். வலது கையைச் சுடுவதற்குக் கரண்டியை மறுபடி இரண்டு தடவை காய்ச்ச வேண்டியிருந்தது. கையில் எடுப்பேன், ஆறவிட்டுவிடுவேன். கடைசியில் அதையும் சுட்டேன். அதையும் ஊதினேன்.

மூன்று மணிக்கு வந்தார்கள். சட்டையெல்லாம் மரத்தூள். பெரியவன் கையில் மரம் வெட்டிய கோடாலி இருந்தது. சின்னவன் அத்தையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. உட்கார்ந்ததும் சட்டைக்குள்ளிருந்து மைப்பெட்டியை எடுத்தான், கையைப் புரட்டினான், பிறகு அடுத்த கையை.

"இன்னாமே பண்ண?"

"ரேகை வேணும்னா என் வெரல் இருக்குது, வச்சிக்க" என்றேன்.

பெரியவன் கோடாலிக் காம்பைத் திருப்பி என் வாயில் இடித்தான். சின்னவன் முடியைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துப்போட்டு வயிற்றில் உதைத்தான். அவன் மணிக்கட்டை, இருந்த பற்களால் எலும்பு தட்டும்வரை கடித்தேன். தெரு முழுக்க நின்று பார்த்தது.

"பொணத்த சுட்டிருக்காடா. இவ பொம்பளையா பேயா?"

பெரியவன் கத்தியதைத் தெரு நம்பியது. முதல் கல் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. மூன்றாவது கல் என் பால்வாடியில் சோறு தின்கிற பிள்ளையின் தாய் எறிந்தது. வாயில் ரத்தம் வழிய நான் சொன்னேன்: "பொழுது சாய்றதுக்குள்ள நீங்க முழுசா சுடத்தான போறீங்க. நான் ரெண்டு வெரலத்தான சுட்டேன்." அதற்கும் ஓர் உதை கிடைத்தது.

அவளை அவர்கள்தான் எடுத்துப்போனார்கள். என்னைக் கிட்டே விடவில்லை. பிறகு கோர்ட்டுக்கும் போனார்கள். இரண்டாவது உயில் எதுவும் வரவில்லை, வரவும் முடியாது. வீடும் நிலமும் எனக்கு நின்றன. தெருவில் என்னோடு பேச ஆள் இல்லாமல் போனது, அது பெரிதாகத் தெரியவில்லை.

இப்போது எனக்கும் வயதாகிவிட்டது. நானும் உயில் எழுதிப் பதிவு செய்துவிட்டேன். மை போகத் தேய்த்துக் கழுவும்போது என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னால் சுட ஆள் கிடைக்கும். சுட்ட பிறகு ஊதத்தான் யாரும் இல்லை.