ஆடிட் நாள் ஆபீசர்

எங்கள் கம்பெனியில் ஒரு பச்சைக் கோட்டு உண்டு. அதன் முதுகில் 'சேஃப்டி ஆபீசர்' என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியிருக்கும். எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் சார்பில் பாதுகாப்பு ஆடிட்டுக்கு ஆட்கள் வரும்போது அதை எனக்கு மாட்டிவிடுவார்கள். அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் கழற்றி வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். மற்ற நாட்களில் நான் ஷூவின் மேல்பாகம் தைக்கும் டெய்லர்.

ஆம்பூரைச் சுற்றியிருக்கும் எத்தனையோ ஷூ கம்பெனிகளில் எங்களுடையதும் ஒன்று. வாணியம்பாடியில் டிகிரி முடித்தவள், நாலு வார்த்தை ஆங்கிலம் பேசுவாள் என்பதற்காக என்னைப் பிடித்துப் போட்டார்கள். சும்மா நின்று சிரித்தால் போதும் என்றார்கள். சும்மா நிற்க எனக்கு வராது. தீயணைக்கும் சிலிண்டரை எப்படிப் பிடிப்பது என்று கற்றுக்கொண்டேன். விரலில் ஊசி ஏறியவர்களுக்கு மருந்து போட்டேன். தீப்பிடித்தால் எப்படி வரிசையாக வெளியேறுவது என்று பெண்களுக்கு ஒத்திகை நடத்தினேன். எல்லாம் தையலுக்கு நடுவில்தான்.

ஒன்றை மட்டும் என்னால் மாற்ற முடியவில்லை. ஒட்டும் பிரிவுக்குப் பின்னால் இருக்கும் அவசர வழிக் கதவு. அது எப்போதும் பூட்டியே கிடக்கும், சாவி கேட்டில் வாட்ச்மேனிடம். திறந்து வைத்தால் தோல் திருட்டுப் போகுமாம். ஆடிட் அன்று மட்டும் பூட்டு மாயமாகிவிடும். "எப்பவும் திறந்திருக்குமா?" என்று வந்தவர்கள் கேட்பார்கள். கோட்டுப் போட்ட நான் தலையாட்டுவேன். ஒத்திகையும் அன்றைக்குத்தான் நடக்கும் என்பதால், பெண்களுக்கு அந்தக் கதவு வழியாக வெளியேறித்தான் பழக்கம்.

போன கோடையில் தோல் ஒட்டும் சொல்யூஷன் டப்பா ஒன்று பற்றிக்கொண்டது. சிலிண்டரால் அடித்து அணைத்துவிட்டோம். அதற்குள் பெண்கள் புகையைப் பார்த்துப் பயந்து, பழகிய கதவுக்கு ஓடிவிட்டார்கள். பூட்டிய கதவில் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து அலறினார்கள். முன்னால் ஓடியவளுக்குக் கை உடைந்தது. படிக்கட்டில் வழுக்கி விழுந்ததாக எழுதச் சொன்னார் ஹெச்.ஆர். மேனேஜர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அந்தக் கதவத் தொறந்து வைங்க சார்" என்றேன்.

"டெய்லர் சொல்லி நாங்க கதவு தொறக்கணுமா?" என்று கேட்டார்.

சரி, ஆபீசராகவே வந்து சொல்கிறேன் என்று முடிவு செய்தது அந்த நிமிஷம்தான். சென்னையில் ஒரு கல்லூரியில் பொதுப் பாதுகாப்பு நிர்வாகம் என்று முதுகலைப் படிப்பு இருந்தது. சனி, ஞாயிறு வகுப்பு. ரயிலில் போய் வந்துவிடலாம். என்னிடம் இல்லாதது ஒன்றே ஒன்று: பாதுகாப்பு வேலை பார்த்ததற்கான அனுபவச் சான்று. அதுதான் நாம் பார்க்கிற வேலையாயிற்றே, எழுதித் தரமாட்டார்களா என்று நம்பி மேனேஜரிடம் போய் நின்றேன்.

"இன்னாமா பேஜார் பண்ற. ரெக்கார்டுல நீ டெய்லர். சேஃப்டி படிப்பு இல்லாதவள ஆபீசர்னு எழுதிக் குடுத்தா எங்க தலைதான் உருளும்."

"அந்தப் படிப்புக்குத்தான் சார் கேக்கறேன்."

"மொதல்ல படிச்சிட்டு வா. அப்பறம் பாக்கலாம்."

இந்த மனிதரை என்ன செய்வது? படிக்காததால் சான்று கிடையாது. சான்று இல்லாததால் படிக்க முடியாது. ஆனால் ஆடிட் அன்று மட்டும் கோட்டு என் முதுகில் ஏறும். இரண்டு மாதம் அவர் அறை வாசலில் நின்றேன். என் வீட்டுக்காரருக்கு ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை, சாது. "விடு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். அன்று அவருக்கு ஊற்றிய குழம்பில் உப்பே போடவில்லை. வேண்டுமென்றேதான்.

விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு முந்தின நாள் ஆடிட் வந்தது. நான் பாட்டுக்கு மிஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"இன்னாமா, இன்னும் கோட்டு போடல? ஆடிட்டர் வந்து ஆபீஸ்ல உக்காந்துட்டாரு."

"அது ஆபீசர் கோட்டு சார். நான் டெய்லர்."

"வெளயாடாத."

"வெளயாடல சார். ஆபீசர்னு எழுதிக் குடுங்க, போட்டுக்கறேன்."

பக்கத்து மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு போனார். இரண்டு மாதமாகக் கிடைக்காத காகிதம், ஆடிட்டர் டீ குடித்து முடிப்பதற்குள் கையெழுத்தும் சீலுமாக என் கைக்கு வந்தது. சேஃப்டி ஆபீசராகப் பணிபுரிகிறார், நேர்மையானவர் என்று வேறு எழுதியிருந்தது. அதைப் படித்ததும் கோபம் இன்னும் ஜாஸ்தியானது. இவ்வளவு சுலபமான வேலைக்கா என்னை இப்படி அலையவிட்டார்? பாத்ரூமுக்குப் போய் காகிதத்தைப் போனில் படம் பிடித்து, அங்கேயே நின்று விண்ணப்பத்தில் ஏற்றி அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது என்று மெசேஜ் வந்த பிறகுதான் கோட்டைப் போட்டேன்.

ஆடிட்டர் சென்னைக்காரர், தமிழிலேயே பேசினார். சிலிண்டர்களைப் பார்த்தார், மருந்துப் பெட்டியைத் திறந்து பார்த்தார், கடைசியில் பின்கதவுக்கு வந்தார். கதவு விரியத் திறந்திருந்தது. வெளியிலிருந்து நல்ல காற்று வந்தது. ஒட்டும் பிரிவுப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கை உடைந்தவளும் அங்கேதான் இருந்தாள்.

"மேடம், இது எப்பவும் திறந்தே இருக்குமா?"

பின்னால் மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

"இல்ல சார். நீங்க வர்ற அன்னைக்கு மட்டும்தான்" என்றேன்.

ஆபீசர் சொன்னதாயிற்றே, அவர் உடனே எழுதிக்கொண்டார்.