உள்ளே ஆள் இருக்கு

அவளை எல்லாரும் சல்யூட்டு என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் வணிக வளாகத்தில் இரண்டாவது மாடிக் காவலாளி. சேர்ந்த முதல் நாள் மேனேஜருக்கு அவள் அடித்த சல்யூட்டில் தொப்பி பறந்து எஸ்கலேட்டரில் விழுந்து, அது மட்டும் தனியாகக் கீழ்த்தளம் போய்ச் சேர்ந்தது. பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. அதே மாடியைத் துடைக்கிறவள் நான். எனக்குப் பினாயில் அக்கா என்று பெயர். யார் வைத்தது என்று தெரியவில்லை, தெரிந்தால் ஒரு நாள் வாளியோடு போய் விசாரிப்பேன்.

எங்கள் மாடியில் தாய்மார்கள் பாலூட்டும் அறை ஒன்று உண்டு. உள்ளே மெத்தென்ற சாய்வு நாற்காலி, கால் வைக்க முக்காலி, கை கழுவத் தொட்டி, ஏசி. சுவரில் ஒரு பெண் கைக்குழந்தையை அணைத்துச் சிரிக்கிற பெரிய படம். பிள்ளை பெற்ற மூன்றாம் மாதத்தில் அப்படிச் சிரித்த ஒருத்தியை நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை. சாவி சல்யூட்டிடம் இருக்கும். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்குத் திறந்துவிட வேண்டும், போனதும் பூட்டிவிட வேண்டும். ஒரு நாளைக்கு நாலைந்து பேர் வந்தால் அதிகம். துடைக்கிற நேரம் தவிர ஊழியர்கள் உள்ளே போகக் கூடாது. எங்களுக்கு பேஸ்மென்ட்டில், ஜெனரேட்டர் பக்கத்தில் ஒரு கழிப்பறை இருக்கிறது. தாழ்ப்பாள் இல்லாதது.

ஊழியர்களில் ஒரே ஒருவர் மட்டும் அந்த அறைக்குள் உட்காரப் போவார். அவர் மேனேஜர். மதியம் சாப்பிட்டுவிட்டு, கழுத்துக்கு வைக்கிற குட்டித் தலையணையோடு வந்து, அந்த நாற்காலியில் முக்கால் மணி நேரம் தூங்குவார். வெளியே சல்யூட்டு காவல். அழுகிற குழந்தையோடு யாராவது வந்து நின்றால் என்ன சொல்ல வேண்டும் என்றும் அவரே சொல்லிக்கொடுத்திருந்தார்.

"உள்ள ஆள் இருக்கும்மா. அவசரம்னா பேஸ்மென்ட்ல ஒண்ணு இருக்கு."

இதை அவள் தன் வாயால் நூறு முறையாவது சொல்லியிருப்பாள். நான் துடைப்பத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அப்போதெல்லாம் எங்களுக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

பிறகு அவளே பிள்ளை பெற்றாள். வயிற்றைக் கிழித்து எடுத்த பிரசவம், பெண் குழந்தை. எழுபதாவது நாள் திரும்பி வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாக காவலாளிகளை அனுப்புகிற கம்பெனி சொல்லிவிட்டது. வந்தாள். காவலாளி உடுப்பில் ஒரு பெல்ட் உண்டு, முன்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் பித்தளை பக்கிள். அது சரியாகத் தையல் போட்ட இடத்தில் உட்கார்ந்தது. கைக்குட்டையை நாலாக மடித்து பக்கிளுக்கு அடியில் வைத்துக்கொண்டு பத்து மணி நேரம் நிற்பாள். ஒரு நாள் ஒரு துளை தளர்த்திப் போட்டிருந்தாள். மேனேஜர் பார்த்துவிட்டார்.

"என்னது, பெல்ட் தொங்குது? டைட் பண்ணு."

என் கண் முன்னாலேயே இறுக்கினாள். முகம் வெளுத்துப்போனது.

"எரியுதுக்கா," என்றாள், அவர் போன பிறகு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நாங்கள்லாம் பெத்துக்கலையா? நாப்பதாம் நாளே நான் வாளி தூக்கினவ" என்றேன். பெருமையாகச் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் என் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது. நாற்பதாம் நாள் வாளி தூக்கினேன், உண்மைதான். அன்றிலிருந்து இருமினால், தும்மினால், சத்தமாகச் சிரித்தால் எனக்கு உடுத்திய துணி நனைந்துவிடுகிறது. பதினாறு வருடமாக மடித்த துணி வைத்துக்கொண்டுதான் வேலைக்கு வருகிறேன். கட்டியவரிடம்கூடச் சொன்னதில்லை. அந்தச் சங்கதியை விழுங்கிவிட்டு, வாளியை மட்டும் அவளிடம் சொன்னேன்.

அவளுக்குப் பால் நன்றாகச் சுரந்தது. காலை எட்டு மணிக்குக் கொடுத்துவிட்டு வந்தால் பதினொரு மணிக்கெல்லாம் மார்பு கல்லாகிவிடும். வெளிர்நீலச் சட்டையில் இரண்டு ஈர வட்டம் தெரியும். வருகிறவர்கள் கையெழுத்துப் போடுகிற நோட்டை நெஞ்சோடு அணைத்து மறைத்துக்கொள்வாள். பேஸ்மென்ட்டுக்கு ஓடி, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பாலைப் பீய்ச்சித் தரையில் விட்டுவிட்டு வருவாள். அதற்கும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் வாக்கிடாக்கி அலறும். அவள் காவல் காக்கிற அறையோ ஏசி ஓடிக்கொண்டு காலியாகக் கிடக்கும்.

இரண்டு வாரத்தில் பால் கட்டி ஜுரம் வந்தது. அது போன பிறகு பாலும் குறைந்துவிட்டது. ஈர வட்டம் வருவதில்லை என்று முதலில் சந்தோஷப்பட்டதே நான்தான், புத்தி கெட்டவள். வீட்டில் மாமியார் பகலில் டின் பால் கொடுத்தார். பாட்டிலில் சுலபமாக வருகிறது, பிறகு குழந்தை எதற்கு மார்போடு போராடும்? சாயங்காலம் இவள் மடியில் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அலறியது. நாலு மாதம்கூட முடியவில்லை, அதற்குள் பிஸ்கட்டை ஊறவைத்துக் கரைத்தும் ஊட்டியிருக்கிறார். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. எடை இறங்கிவிட்டது.

"வேலைக்குப் போறவளுக்கு எதுக்கு இந்த வீம்பு? பால மறக்கடிச்சிடு," என்றாராம் மாமியார். புருஷனோ, "அம்மா சொல்றது சரிதானே" என்று சொல்லிவிட்டு செல்போனைப் பார்த்தாராம்.

கிளினிக் நர்ஸ் எடை பார்த்துவிட்டு இவளைத்தான் திட்டினாள். கம்பெனி, மாமியார், மேனேஜர் எல்லாருக்கும் சேர வேண்டிய திட்டை ஒற்றை ஆளாக நின்று வாங்கியவள் இவள். திட்டி முடித்துவிட்டு அந்த நர்ஸ் ஒரு நல்ல காரியமும் செய்தாள். சின்ன கை பம்ப் ஒன்றைக் கொடுத்தாள்.

"ஆறு மாசம் வரைக்கும் வேற எதுவும் ஊட்டாதீங்க. பகல்ல மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவ பால எடுங்க. சுத்தமான இடத்துல, நிம்மதியா உக்காந்து எடுக்கணும். ரெண்டு வாரம் விடாம செஞ்சா சுரப்பு திரும்ப வரும். இதையும் விட்டா அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்ற வார்த்தையை என்னிடம் சொல்லும்போது சல்யூட்டு அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜரிடம் போய்க் கேட்டாள். இரண்டு தடவை, இருபது இருபது நிமிடம், அறை காலியாக இருக்கும்போது மட்டும். நான் பக்கத்தில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அது கஸ்டமருக்கு," என்றார். "இன்னைக்கு உனக்கு விட்டா, நாளைக்கு எல்லாரும் புள்ள பெத்துட்டு வந்து வரிசையா நிப்பீங்க."

அவருடைய நாற்காலியில் உட்காரத்தான் நாங்கள் பிள்ளை பெறுகிறோம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கையிலிருந்த துணியை வாளியில் போட்ட வேகத்தில் அவர் ஷூ நனைந்தது. "சாரி சார்" என்றேன். மனதில் சாரி இல்லை.

அவர் போனதும் அவளிடம் என் கதையைச் சொன்னேன். வாளிக் கதை இல்லை, துணிக் கதை. பதினாறு வருடத்தில் முதல் தடவையாக வெளியே சொன்னேன். அவள் கேட்டுவிட்டு அறைச் சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு நான் உள்ள போறேன்க்கா," என்றாள்.

"போ. நான் வாசல்ல துடைக்கிறேன்."

பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை. மேனேஜர் தூக்கம் இரண்டே முக்காலுக்கு முடிந்துவிடும், அதனால் இடைஞ்சல் இல்லை. 'தரை ஈரம்' என்ற மஞ்சள் பலகையை வைத்துவிட்டு ஒரே இடத்தை இருபது நிமிடம் துடைப்பேன். அந்த ஒரு சதுர அடி கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. யாராவது குழந்தையோடு வந்தால் கதவைத் தட்டுவேன், உடனே எழுந்து வந்துவிடுவாள். முதல் நாள் பாட்டிலின் அடி நனைந்தது, அவ்வளவுதான். மூன்றாம் நாள் ஒரு விரல் அளவு. எடுத்த பாலை எங்கள் மாடி ஜூஸ் கடைப் பெண் தன் ஃபிரிட்ஜில் பழங்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். ஆறாம் நாள் காலையில் குழந்தை மார்பைப் பிடித்து ஐந்து நிமிடம் குடித்ததாம். வந்து சொன்னபோது நான் சத்தமாகச் சிரித்துத் தொலைத்தேன். துணி நனைந்தது, நனையட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்பதாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களைச் சுற்றிக்காட்டி அனுப்பிவிட்டு மேனேஜர் சாப்பிடவே மூன்று மணி ஆகிவிட்டது. மூன்றேகாலுக்குக் கழுத்துத் தலையணையோடு நேராக அறைக்கு வந்தார். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது.

"சல்யூட்டு எங்க? சாவி எங்க?"

எனக்கும் இந்த வேலைதான் சோறு. ஆனால் துடைப்பத்தைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உள்ள ஆள் இருக்கு சார்," என்றேன். "அவசரம்னா பேஸ்மென்ட்ல ஒண்ணு இருக்கு."

அவர் என்னைத் தாண்டிக் கையை நீட்டிக் கதவைத் தட்டத் தொடங்கினார். அப்போதுதான் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து நின்றாள். வாடிக்கையாளர். கண்ணுக்கடியில் கருவளையம், தோளில் கக்கிய பால். அவள் கதவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உள்ள யாரோ பால் குடுக்கறாங்கன்னா நான் வெயிட் பண்றேன்," என்றாள். "நீங்க எதுக்கு சார் தட்டறீங்க?"

மேனேஜர் தலையணையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அவளோ பதில் வரும் வரை விடுகிறவளாகத் தெரியவில்லை.

தாழ் விலகுகிற சத்தம் கேட்டது. சல்யூட்டு வெளியே வந்தாள். தொப்பி நேராக இருந்தது, சட்டை இஸ்திரி கலையவில்லை. பெல்ட் மட்டும் இடுப்பில் இல்லை.

அந்த மனிதருக்கு முதலில் வாயில் வந்தது என்ன தெரியுமா?

"பெல்ட் எங்க?"

"தோள்ல இருக்கு சார்," என்றாள். "இனிமே அங்கதான் இருக்கும்."

அந்தப் பெண்ணுக்குக் கதவை அகலத் திறந்துவிட்டாள். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, குதிகாலைச் சேர்த்து, வலது கையால் முதல் நாள் அடித்த மாதிரியே ஒரு சல்யூட் அடித்தாள். இடது கையில் பாட்டில் இருந்தது. பாதிக்கு மேல் பால்.